எண்பது எழுத்தில் அறுந்த வரி

லோகநாதனுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு எதிரே இருப்பதை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். எண்பத்தேழாம் வருடத்தில் அவன் எதிரே பெரும்பாலும் இருந்தது ஒரு கம்ப்யூட்டர் திரை. அந்தத் திரை வாங்கிய முறைப்பை மனிதன் யாராவது வாங்கியிருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பான்.

அவன் பசியாவரத்துக்காரன். பழவேற்காட்டிலிருந்து படகேறித்தான் அந்த ஊருக்குப் போக வேண்டும், சுற்றிலும் ஏரி. அவன் நைனா, அதாவது அப்பா, இறந்தபோது லோகநாதன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் சின்னதம்பி வலையைக் கையில் எடுத்தான். தம்பியை எடுக்க விடவில்லை. காலையில் மீனை இறக்க வரும்போது தம்பியையும் அக்கரையில் இறக்கிவிட்டு, "புள்ளையாட்டம் படி, மீனாட்டம் வாயப் பொளந்துகினு நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போவான். பொன்னேரியில் கல்லூரி, சென்னையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ என்று தம்பி படித்து முடித்தபோது, சென்னையிலிருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடம் ஏரியை ஆராயப் பழவேற்காட்டில் ஒரு கிளை திறந்தது. ஏரியும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்தவன் வேறு யாரும் அகப்படாததால் லோகநாதனுக்கு வேலை கிடைத்தது.

கிளை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கௌஸ் மைதீன் பாயின் பழைய வீட்டில் முன்பக்க அறைகள் இரண்டு. ஒன்றில் தண்ணீர்ச் சீசாக்கள், மைக்ராஸ்கோப், தலைமை விஞ்ஞானி ஆதிகேசவன். இன்னொன்றில் லோகநாதனும் கம்ப்யூட்டரும். டெலிபோன் மட்டும் பாயுடையது. வீட்டுக்குள் ஒரு கருவி, ஆபீசில் ஒரு கருவி, இரண்டுக்கும் ஒரே கம்பி.

அந்தக் கம்பி வழியாகத்தான் உலகம் வர வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் கம்ப்யூட்டர்களைத் தொலைபேசியால் இணைத்து, ஒருவர் எழுதியதை எல்லோரும் படிக்கும்படி செய்திகளை ஊருக்கு ஊர் கடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேள்வி கேட்பான், எங்கிருந்தோ ஒருவன் பதில் எழுதுவான். பம்பாய் வழியாக அது சென்னைக்கு வந்தது. சென்னையிலிருந்த பெரிய மெஷினில் அதைப் படிக்க நல்ல மென்பொருள் இருந்தது. ஆனால் பழவேற்காட்டுச் சின்ன கம்ப்யூட்டரில் அது ஏறவில்லை.

"நீயே சி லாங்குவேஜ்ல ஒரு ப்ரோக்ராம் எழுதிடேன் லோகு. என்ன பெரிய விஷயம்? மேல தலைப்பு, கீழ சமாசாரம்" என்றார் ஆதிகேசவன்.

கேட்பதற்குச் சுலபம்தான். ஒவ்வொரு செய்தியிலும் முதலில் தலைப்பு வரிகள் வரும். அனுப்பியவர் யார், பொருள் என்ன, எந்தத் தேதி, எந்தெந்த மெஷின் வழியாக வந்தது என்று வரிக்கு ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பக்கத்தில் முக்காற்புள்ளி, பிறகு விவரம். அதெல்லாம் முடிந்ததும் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குக் கீழே இருப்பதுதான் சமாசாரம். தலையையும் உடம்பையும் சரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் அச்சடித்துத் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் அவனை மாதக்கணக்கில் ஆட்டி வைத்தது. ஒரு தலைப்பு வரி நீளமாகிவிட்டால் சிலர் அதை மடித்து அடுத்த வரியில், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, தொடர்வார்கள்; அவன் ப்ரோக்ராம் அதைப் புது வரி என்று நினைத்துக் குழம்பியது. அதைச் சரிசெய்தான். வெற்று வரி என்று பார்த்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி எழுத்து உட்கார்ந்திருந்தது. ப்ரோக்ராம் சமாசாரம் முழுவதையும் தலைப்பு என்று எண்ணி விழுங்கியது. அதையும் சரிசெய்தான். நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே பாய் உள்ளே கருவியை எடுத்து "அலோ, அலோ" என்பார். செய்தி பாதியில் அறுந்து, மீதி இடத்தில் பேய் எழுதியது போல என்னென்னவோ குறிகள் வந்து விழும்.

"பாய், நான் ஃபோன்ல இருக்கும்போது எடுக்காதீங்கன்னு சொன்னேனே."

"நீ எங்க தம்பி பேசுன? யாரும் பேசல, கொர்ருன்னு ஒரு சத்தம்தான் கேக்குது. லைன் பேஜாருன்னு நெனச்சேன்."

இப்படி உருக்குலைந்து வருகிறவற்றுக்காக லோகநாதன் ஒரு வழி செய்தான். தலைப்பில் முக்காற்புள்ளியும் இல்லாமல், மடிப்பு வரியாகவும் இல்லாமல், வெற்று வரியாகவும் இல்லாமல் ஏதாவது தட்டுப்பட்டால் அந்தச் செய்தியே கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைக் குப்பை என்று பெயரிட்ட ஒரு பகுதியில் தள்ளிவிடும்படி எழுதினான். ஆரம்பத்தில் நாலைந்து தடவை குப்பையைத் திறந்து பார்த்தான். பாயின் அலோக்கள்தான் கிடந்தன. டிஸ்கில் இடம் கொஞ்சம். ஆகவே காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் குப்பை தானாக அழிந்துவிடும்படி செய்துவிட்டு, அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

சென்னைக்காரர்கள் எழுதியது சுத்தமாக வந்தது. பம்பாயிலிருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்தும் ஒன்றிரண்டு வந்தன. ஆதிகேசவன் தட்டிக்கொடுத்தார். லோகநாதனுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வருடம் மழைக்குப் பிறகு முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொண்டது. கடல் தண்ணீர் தாராளமாக ஏரிக்குள் வந்தது, இறாலும் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நைலான் வலைகளில் பழுப்பாகப் பாசி போல ஒன்று படர ஆரம்பித்தது. வலையை உதறும்போது கை அரித்தது. பலருக்கு ஓரிரு நாளில் போய்விட்டது. சின்னதம்பிக்குப் போகவில்லை. விரலிடுக்குகள் சிவந்து, கொப்புளித்து, உடைந்து நீர் வடிந்தது. பொன்னேரி டாக்டர் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். சின்னதம்பி குளிக்கவே சோப்பு போடாதவன்.

தை மாதத்தில் ஒரு நாள் லோகநாதன் வீடு திரும்பியபோது, அண்ணி வேலம்மா அண்ணனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சின்னதம்பி வெட்கத்தில் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"கை மூட மாட்டேங்குது. கொழம்புல உப்பு பட்டா உசுரு போவுதாம்" என்றாள் வேலம்மா.

"வலையத் தொடாம இரேன்ணா, கொஞ்ச நாளு."

"பாடு வருதுடா."

ஏரியில் நல்ல இடங்களில் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதைத்தான் பாடு என்பார்கள். தன் முறை வரும் நாளில் போகாவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இறால் ஓடுகிற காலத்தில் பாட்டை விடுகிறவனை ஊரில் பைத்தியம் என்பார்கள்.

லோகநாதன் ஆதிகேசவனிடம் சொன்னான். அவர் பழுப்புப் பாசியைச் சீசாவில் பிடித்துப் பார்த்தார், அவருக்குப் பிடிபடவில்லை. "உலகத்தைக் கேட்டுடலாம்ப்பா" என்றார். இருவரும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார்கள். இப்படி ஓர் ஏரி, வலையில் இப்படி ஒன்று படர்கிறது, தொடுகிறவர்களுக்குக் கை இப்படி ஆகிறது, உங்கள் கரையில் யாராவது இதைக் கண்டதுண்டா? உயிரியல்காரர்கள் படிக்கும் குழுவுக்கு அனுப்பினார்கள்.

சென்னையிலிருந்து ஒரு பதில் வந்தது: சுவாரசியமான விஷயம், எனக்குத் தெரியவில்லை. பம்பாயிலிருந்து ஒன்று: நல்ல தோல் டாக்டரைப் பார்க்கவும். அதோடு நின்றுவிட்டது.

வேலம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் உலகத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. லோகநாதன் படகை விட்டு இறங்கும்போதே கேட்பாள்.

"வந்துச்சா தம்பி?"

"இல்ல அண்ணி."

"ஒருத்தனுக்குமா தெரியல? அவ்ளோ பெரிய ஒலகத்துல?"

அவன் உள்ளே போய்விடுவான். சின்னதம்பி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பாட்டுக்குப் போய்வந்தான். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமாக வீங்கியது. இப்போது முழங்கைவரை ஏறியிருந்தது. வலையிலிருந்து தெறித்த தண்ணீர் பட்டு ஒரு கண்ணிமைகூடத் தடித்துவிட்டது.

"ஒரு தடவை ப்ரோக்ராமைப் பார்த்துடேன் லோகு" என்று ஆதிகேசவன் சொன்னார். லோகநாதனுக்குச் சுருக்கென்றது. பம்பாய்ப் பதில் வந்ததே, சென்னைப் பதில் வந்ததே, எதைப் பார்ப்பது? "ப்ரோக்ராம் சரியாத்தான் சார் இருக்கு. நம்ம ஏரியப் பத்தி எவனுக்கு என்ன கவல?" என்றான். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவனுக்கு அந்த முகம் தெரியாத ஆட்கள் மேல் ஆத்திரம் வளர்ந்தது. பறவைக்குக் கால் ஒடிந்தது, தொட்டி மீனுக்கு என்ன தீனி போடலாம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மனிதன் கை வெந்து கிடக்கிறது, ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஒரு முறை கேள்வியை அனுப்பினான். அதற்கும் ஒன்றும் வரவில்லை. மாசி முழுவதும் அவன் வீட்டில் அதிகம் பேசவில்லை. வேலம்மாவும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

பங்குனியில் ஒரு நாள் சென்னைக் கூடத்திலிருந்து வேறு ஏதோ வேலையாக ஆதிகேசவனுக்கு டெலிபோன் வந்தது. பேசி முடிக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் சாதாரணமாகச் சொன்னார்: "உங்க வலைப்பாசி விஷயம் நல்லாப் போகுது சார், தினமும் படிக்கிறேன். ஆனா அந்த ஸ்காட்லாந்துக்காரர் மூணு தடவை கேட்டுட்டார், அந்த மீனவர் எப்படி இருக்கார்னு. ஒரு வார்த்தை பதில் போடக் கூடாதா?"

ஆதிகேசவன் கருவியை வைத்துவிட்டு அடுத்த அறைக்கு வந்தார். அவர் கத்துகிற மனிதர் அல்ல. அன்றைக்குக் கத்தினார்.

"வரல சார், சத்தியமா வரல" என்றான் லோகநாதன்.

"அவன் தினமும் படிக்கிறானாம்! நமக்கு மட்டும் எங்கப்பா போச்சு?"

எங்கே போயிருக்கும் என்பது அந்தக் கேள்வி காதில் விழுந்த கணமே லோகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. குப்பையைத் திறந்தான். காலையிலேயே அழிந்து காலியாக இருந்தது. அழிக்கும்படி எழுதியவன் அவன்தான். அந்த வரியை எடுத்துவிட்டுச் சென்னைக்கு டயல் செய்தான். கம்பி கிடைக்கவில்லை. மறுபடி செய்தான். பொன்னேரி எக்ஸ்சேஞ்சில் ஏதோ கோளாறு. பாயின் வீட்டுக்குள் போய், "இன்னிக்கு மட்டும் ஃபோன் பக்கம் யாரும் வராதீங்க பாய், கையெடுத்துக் கும்பிடுறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாய் கருவிக்குப் பக்கத்தில் தானே நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். பிற்பகலில்தான் கம்பி கிடைத்தது.

குப்பையில் ஏழு செய்திகள் வந்து விழுந்தன. ஒன்றைத் திறந்தான். பேய்க் குறிகள் எதுவும் இல்லை. சுத்தமான, முழுசான செய்தி. முதல் வரியைப் பார்த்தான்.

அது வழியைச் சொல்லும் வரி. செய்தி எந்தெந்த மெஷின்களைத் தொட்டுக்கொண்டு வந்ததோ அத்தனை பெயர்களும், நடுநடுவே ஆச்சரியக்குறியுடன், அதில் கோத்துக்கொண்டே வரும். சென்னையிலிருந்து வந்தால் இரண்டு பெயர். பம்பாய் என்றால் மூன்று. வெளிநாட்டிலிருந்து நேர்வழியில் வந்த ஒன்றிரண்டில் ஐந்தாறு. ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பியது ஐரோப்பாவில் நாலு இடம், அமெரிக்காவில் மூன்று இடம் என்று சுற்றிவிட்டு வந்திருந்தது. அந்த வரி திரையின் ஓரத்தைத் தாண்டி மடங்கி இரண்டாவது வரிக்குப் போயிருந்தது.

லோகநாதன் ஒரு வரியை வாங்கிக்கொள்ள எண்பது எழுத்துக்கு இடம் விட்டிருந்தான். திரையின் அகலம் எண்பது எழுத்து, எவன் அதற்கு மேல் எழுதப்போகிறான் என்று நினைத்ததுதான் காரணம். நீளமான வரி வந்தால் சி மொழி அவ்வளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த தடவை புது வரி போலக் கொடுக்கும். அந்த மிச்சத்தில் முக்காற்புள்ளி இல்லை. முன்னால் இடைவெளியும் இல்லை. வெற்று வரியும் இல்லை. ப்ரோக்ராம் அவன் சொல்லிக்கொடுத்தபடியே செய்தது: இது கெட்டுப்போனது, குப்பையில் போடு.

எவ்வளவு தூரத்திலிருந்து வந்ததோ அவ்வளவு நிச்சயமாகக் குப்பைக்குப் போயிருந்தது. பக்கத்தில் இருந்துகொண்டு தெரியாது என்று சொன்னவர்களின் பதில் மட்டும் அவன் கைக்கு வந்தது.

திருத்தம் நாலே வரிதான். எழுதி முடித்துவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்தான், ரத்தம் கசிந்திருந்தது. அழிந்துபோன பழைய பதில்களைச் சென்னையிலிருந்து மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கினார்கள். பிரின்டர் நிறுத்தாமல் அடித்தது. ஆதிகேசவன் நின்றபடியே படித்தார்.

"பாசியே இல்லப்பா இது. சின்னச் சின்னப் பிராணிங்க, கூட்டமா ஒட்டிட்டு வளருது. அவங்க ஊர் மீனவங்களுக்கும் வருமாம். வலையை வெயில்ல நல்லா காயப் போட்டு அடிச்சா போயிடும்னு போட்டிருக்கார்." அடுத்த தாளைப் புரட்டியவர் குரல் தணிந்தது. "வீக்கம் வந்துட்டவங்க உடனே நிறுத்திடணுமாம். தொடத் தொட உடம்பு அதிகமா எதிர்க்குமாம். ஒரு கட்டத்துக்கு மேல போயிட்டா…"

"தேதி என்ன சார் அதுல?"

அவர் தாளை அவனிடமே கொடுத்துவிட்டார். தை மாதம். அவர்கள் கேட்ட அதே வாரம்.

லோகநாதன் அன்று சாயங்காலம் படகேறினான். சின்னதம்பி வீட்டு வாசலில் கைகளை மடிமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். வேலம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், தன் ப்ரோக்ராம்தான் பதிலைத் தூக்கிப் போட்டது என்பதையும் சேர்த்து.

சின்னதம்பிக்குப் புரிய நேரமாயிற்று. "ரொம்பத் தொலவுலேர்ந்து வந்துச்சுன்னு தூக்கிப் போட்டுச்சா?"

"விலாசம் நீளமா இருந்துச்சுண்ணா. நான் விட்ட எடம் பத்தல."

"அதெப்டிடா பத்தாம பூடும்?"

வேலம்மா எழுந்து வந்தாள். கையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது.

"ரெண்டு மாசமா அந்த டப்பாவுலயே கெடந்துச்சா? நான் தெனம் கேக்க சொல்ல இல்ல இல்லன்னியே, அப்பவும் அதுக்குள்ளதான் இருந்துச்சா?"

"ஆமா அண்ணி."

"நாலு பாட்டுக்குப் போயி வந்தாரு. ஒவ்வொரு தடவையும் நான் துணி சுத்தி அனுப்புனேன்." பிறகு மீனிடமே திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் லோகநாதனிடம் வெகுநாள் பேசவில்லை. சோறு போடுவாள், பேச மாட்டாள்.

ஊரில் மற்றவர்கள் வலையை மணலில் விரித்துக் காயவைத்து அடித்தார்கள். சித்திரை வெயிலுக்குப் பழுப்பு உதிர்ந்து தூளாய்ப் பறந்தது. அரிப்பு அடங்கியது. சின்னதம்பியும் கை ஆறியவுடன் ஒரு முறை போனான், யார் சொல்லியும் கேட்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் போனான். பாதி வலை இழுப்பதற்குள் முகம் வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கூட இருந்தவர்கள் படகை அப்படியே பழவேற்காட்டுக்கு விட்டு, அங்கிருந்து வண்டி பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தான். அதோடு வலை முடிந்தது. அவன் பாடு சித்தப்பன் மகனுக்குப் போனது. சின்னதம்பி பசியாவரத்துக்கும் பழவேற்காட்டுக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் படகைத் தள்ள ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மளிகைச் சாமான், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏறினார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "மூட்டைய ஏத்து, மூட்டைய எறக்கு. இது ஒரு பொழப்பா?" என்று கழியை ஊன்றும்போதெல்லாம் முணுமுணுப்பான்.

லோகநாதன் தினமும் அந்தப் படகில்தான் வேலைக்குப் போனான். குப்பைப் பகுதியை இப்போது ஒரு நாள் விடாமல் திறந்து கடைசிவரை படித்தான். ஆதிகேசவன் சலித்துக்கொண்டார்: "அதுல பாயோட அலோதான் இருக்கு, விடேன்ப்பா." அவன் விடவில்லை. ஸ்காட்லாந்துக்காரருக்கு மட்டும் பதில் எழுத முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினான். அடுத்த வாரம் பதில் வந்தது. ஒழுங்காகப் பிரிந்து, தலை தலையாகவும் உடம்பு உடம்பாகவும் அச்சானது.

மறுநாள் காலை படகில் வேறு யாரும் இல்லை. லோகநாதன் தாளை எடுத்துத் தமிழில் சொன்னான்.

"அந்த ஆளும் மீன் புடிச்சவராம்ணா. இருவது வயசுல கை போச்சாம், ஒன்ன மாதிரியே. அப்புறம்தான் ஒரு லேப்ல உதவியாளா சேந்தாராம்."

"வலையத் தொடவே இல்லியா அப்பறம்?"

"இல்லியாம்."

சின்னதம்பி நாலைந்து தடவை கழி ஊன்றினான். "அவனுக்குக் கோவம் வந்துருக்கும்ல?"

"தெரியல. கேக்கட்டுமா?"

"கேளு."

அவன் நிஜமாகவே கேட்டான். ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது: முப்பது வருடம் ஆகிறது, காலையில் படகுகள் கிளம்பும் சத்தம் கேட்டால் இன்னும் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அதைக் கேட்டதும் சின்னதம்பி கழியை நிறுத்தினான். முகத்துவாரத்துப் பக்கம் வலைப் படகுகள் போய்க்கொண்டிருந்தன.

"முப்பது வருசமா?" என்றான். "சர்தான்."

அக்கரையில் காத்திருந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூச்சல் போட ஆரம்பித்தார்கள். "வரேன், வரேன், கத்தாதீங்க" என்று அவனும் திருப்பிக் கத்திவிட்டுப் படகைத் தள்ளினான்.